குஷன் அண்ணையும் டெண்டர் துறைமுகமும்

பிள்ளைகள் அபி, கவின்,

போன கிழமை நீங்கள் குடும்ப வட்ஸப்பில் போட்ட கப்பல் படத்தைப் பார்த்தேன். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மெக்சிக்கோ. சந்தோசம். எந்தத் துறைமுகத்தில் இறங்கி என்ன செய்யவேண்டும் என்பதையும் நீங்களே தெரிவுசெய்து விட்டீர்கள். ஓரிடத்தில் குதிரைச் சவாரியாம். எஸ்கலேட்டரில் கால் வைக்கவே என் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிடுகிறவ உங்கள் அம்மா. அவவைக் குதிரையில் ஏற்றினால் பிள்ளையாருக்குத்தான் இருதய வருத்தம் வரும்.

வட்ஸப்பில் பதில் போட்டால் ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் இந்த வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன். நீங்கள் இதை வாசிக்கமாட்டீர்கள். வாசித்த யாராவது கோயிலில் கண்டால் உங்களுக்குச் சொல்வார்கள்.

மெக்சிக்கோவில் எந்த வாங்கில் முதுகைச் சாய்க்கலாம், எதில் சாய்ந்தால் மல்லாக்க விழலாம் என்பது அந்த நாட்டு ஜனாதிபதிக்கே தெரியாது. இங்கே கனடாவில், ரெக்ஸ்டேலில் இருந்த குஷன் அண்ணைக்குத் தெரியும்.

ரெக்ஸ்டேல் பிளாசாவில் ஆட்டிறைச்சிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. அதன் பின்மூலையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை. அதுதான் அண்ணையின் பயண முகவர் நிலையம். எங்கள் வயதுபோன சனத்தைக் கப்பலில் ஏற்றி மெக்சிக்கோ காட்டுவது மட்டும்தான் தொழில். எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு சிவப்புக் குஷன் இருக்கும். அதைப் போட்டு, இருந்து, இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்த பிறகுதான் யாருக்கும் வணக்கம் சொல்வார். ஒரு கலியாணத்தில் மணவறைக் கதிரையையே அமுக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஐயர் முடிக்கிறதுக்கிடையில உமக்கு நாரி போயிடும்” என்று மாப்பிள்ளையை எழுப்பிவிட்டவர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கனடா அரசாங்கத்துக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கப்பல் நிற்கும் ஊர்களில் சுற்றிக்காட்டும் கம்பனிகளுக்கு அவரே ரெலிபோன் எடுப்பார். நான் அப்போது பக்கத்து பேக்கரியில் பாண் சுடுகிறவன். வேலை முடிந்து மரக்கறி வாங்கப் போனால் இந்தக் கச்சேரி கேட்கும்.

“மடம், யுவர் பஸ். செயார் ஹாவ் பாக்?”

கதிரைக்கு முதுகு இருக்கிறதா என்று இவர் கேட்க, எப்போதோ வாங்கிய கதிரையைத் திருப்பித் தரச்சொல்கிறார் என்று நினைத்து ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். பிறகு நிழல் இருக்கோ, கக்கூசுக்கு எவ்வளவு தூரம், கொமோட்டோ குந்துறதோ என்று தொடங்குவார். கோயிலா கடற்கரையா, பார்க்க என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கமாட்டார். “கண்ணுக்கு வயசு போறேல்லத் தம்பி. எதையும் பாக்கும். குண்டிக்குத்தான் இடம் பாக்கவேணும்” என்பார்.

வருகிற ஆட்களுக்கும் சோதனை உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது பேனையை நிலத்தில் போடுவார். குனிந்து எடுத்தால் ஒரு பயணம். காலால் தள்ளிவிட்டால் இன்னொரு பயணம். “நீரே எடுமன், உம்மட பேனைதானே” என்று சொன்ன ஒரு கிழவிக்கு மட்டும் சோதனை இல்லாமலே நல்ல பயணம் கிடைத்தது.

அவருக்குப் பிடிக்காத இனம் ஒன்றுதான். பிள்ளைகள். ஒருநாள் ஒரு பெடியன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தான். மலைக்கு மலை கம்பி கட்டி, ஆளைத் தொங்கவிட்டு இழுக்கிற ஸிப்லைன் விளையாட்டைப் போனில் காட்டினான்.

“அங்கிள், அப்பாக்கு இதைப் போடுங்கோ. இட்ஸ் சோ ஃபன்.”

அண்ணை தகப்பனைப் பார்த்தார். தகப்பன் அரிசி மூட்டையைப் பார்த்தார்.

“தம்பி, அப்பாவைத் தொங்கவிட மெக்சிக்கோ ஏன்? உங்கட பேஸ்மென்டில இப்பவும் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறார்?”

பெடியன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் தகப்பன் தனியே பஸ் பிடித்து வந்தார். “நேற்று மகனுக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்று கேட்டு, இருந்து சிரித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

சிரிப்புத்தான். ஆனால் அண்ணை சொன்னதில் என்ன பிழை? முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு ஷிப்ட் வேலை செய்தோம். முழங்கால் போன பிறகு நீங்கள் ரிக்கெட் வாங்கித் தருகிறீர்கள், படத்தைப் பார்த்து. அந்தப் படத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் வயது.

அண்ணையின் மனைவி பூமணியக்காவுக்கும் முழங்கால் இல்லை. அவவுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. கதிரையில் இருந்தபடி, சூடான கடல் தண்ணீருக்குள் இரண்டு காலையும் வைத்திருக்கவேண்டும். “உந்த லேக் தண்ணி காலைக் கடிக்குது. அதில உப்புமில்லை. உப்பில்லாத கடலும் ஒரு கடலே?” என்பா. வின்டர் வந்தால் இந்தக் கதை கூடும்.

அதற்காக அண்ணை ஒரு வருசமாகத் துறைமுகம் தேடினார். கடைசியில் கப்பல் கம்பனிப் புத்தகத்தில் ஒன்று அகப்பட்டது. காபோ என்ற ஊர். பக்கத்தில் ‘டெண்டர் போர்ட்’ என்று அச்சடித்திருந்தது.

டெண்டர் என்றால் என்னவென்று அண்ணைக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துக் கடைக் கண்ணாடியில் ‘டெண்டர் ஆடு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பல்லில்லாத சனமெல்லாம் அங்கேதான் இறைச்சி வாங்கும்.

“மெத்தெண்ட துறைமுகம் தம்பி! எங்கட சனத்துக்கெண்டே வச்சிருக்கிறாங்கள்” என்று எனக்கு அடிக்கோடிட்டுக் காட்டினார். போதாததற்கு அந்த ஊருக்கும் ரெலிபோன் எடுத்தார். “மடம், டெண்டர்தானே?” என்றார். “யெஸ் சேர், டெண்டர்” என்றாளாம். தண்ணீர் ஓரத்தில் முதுகுள்ள கதிரை ஒன்று, கால்கள் மணலில் புதையாதபடி அடியில் பலகை, மேலே குடை என்று எல்லாம் சொல்லி முடித்தார்.

அக்காவோடு ஒரு கூட்டம் சனத்தையும் கப்பலேற்றினார். அக்காவின் வீல்செயார் தள்ள ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார். முதல் இரண்டு துறைமுகங்களிலும் அண்ணை ராசாதான். சொன்ன இடத்தில் வாங்கு இருந்தது. வாங்குக்கு முதுகு இருந்தது. முதுகுக்கு மேலே நிழல் இருந்தது. எங்கள் சனம் வரிசையாக இருந்து, மெக்சிக்கோவைப் பார்க்காமல், வீட்டு மருமக்களைப் பற்றிக் கதைத்துவிட்டு ஏறியது. இதைவிட நல்ல சுற்றுலா உலகத்தில் இல்லை என்றார்கள்.

மூன்றாவது, காபோ. விடிய எழும்பினால் கப்பல் நிற்கிறது. ஆனால் நடுக்கடலில் நிற்கிறது.

“தம்பி, கரை எங்க?”

“அங்க தெரியுது அண்ணை.”

“அங்க என்னத்துக்குத் தெரியுது? இஞ்சயெல்லோ இருக்கவேணும்!”

அப்போது சட்டையில் ஒட்டுகிற வட்டத் துண்டுகளோடு ஒருவன் வந்து, “டெண்டர் சேர், டெண்டர்” என்றான். “ஓம் ஓம், எனக்குத் தெரியும்” என்று அண்ணை பெருமையாக ஒட்டிக்கொண்டார். கீழ்த் தட்டுக்கு இறக்கினார்கள். கப்பலின் விலாவில் ஒரு கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு சின்னப் படகு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் கரையில் கட்ட முடியாத இடத்தில் ஆட்களை ஏற்றிப்போகிற படகுக்குத்தான் டெண்டர் என்று பெயராம். மெத்தென்றதுக்கும் அதுக்கும் ஒரு உறவும் இல்லை.

வீல்செயாரால் எழும்பிய பூமணியக்கா கதவடியில் நின்றுவிட்டா. படகுக்காரன் கையை நீட்டினான். அவ பிடிக்கவில்லை.

“நான் ஒருக்காப் படகில ஏறினது காணும்” என்றா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் வரிசையில் நின்ற சனத்துக்குக் கேட்டது. பாதிப்பேர் சண்டைக் காலத்தில், இரவில் சின்னப் படகுகளில் கிளாலிக் கடலால் தப்பி வந்த சனம். ஒவ்வொருவராகத் திரும்பி லிப்டுக்குப் போனார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. கக்கூஸ் வரைக்கும் விசாரித்த அண்ணை, பக்கத்தில் படுக்கிற மனுசியை விசாரிக்க மறந்துபோனார்.

போனது சிவா அங்கிள் ஒருவர்தான். கொழும்பு ஆள். பூமணியக்காவுக்குப் போட்ட கதிரையில் இருந்து, காலைத் தண்ணீருக்குள் வைத்து, படமும் எடுத்துக்கொண்டு வந்தார். “சும்மா சொல்லக்கூடாது அண்ணை, கதிரையெண்டா கதிரை” என்றார். அன்றைக்கு அவரை நான் கடலில் போடாதது, தவறாமல் கோயில் போன பலன்.

அவர் அங்கே இருந்த நேரம் இங்கே என்ன நடந்தது தெரியுமா? அண்ணை கப்பல் குசினிக்குள் போய், பாத்திரம் கழுவும் அகலத் தொட்டி ஒன்றை வாங்கி, சுடுதண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். கரை தெரிகிற பக்கமாக அக்காவின் கதிரையைத் திருப்பினார். சாப்பாட்டு மேசைகளில் இருந்து பொறுக்கிய உப்புப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டினார். குனிய முடியாத மனுசன், குஷனில் முழங்காலை ஊன்றி, அவவின் காலை எடுத்து உள்ளே வைத்தார். அந்தக் குஷனில் அவர் இருக்காமல் விட்டதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

அக்கா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தா.

“உப்புக் காணாது” என்றா. பிறகு, “உதுக்கு ரெக்ஸ்டேலிலயே இருந்திருக்கலாம்” என்றா. ஆனால் தண்ணீர் ஆறும்வரை காலை எடுக்கவில்லை.

அடுத்த வின்டர் அவவுக்குக் கடைசி வின்டர். அதற்குப் பிறகு அண்ணை கப்பல் விற்கவில்லை. இறைச்சிக் கடைக்காரன், “அண்ணை, இண்டைக்கு நல்ல டெண்டர் ஆடு” என்றால், “அப்ப வேண்டாம், கடிபடாததாத் தா” என்பார். விட்பியில் இருக்கிற மகன், தாயில்லாத கவலை தீரட்டுமென்று தகப்பனுக்குத் தனிக் கப்பல் ரிக்கெட் ஒன்று அனுப்பினான். அதே மெக்சிக்கோ. கரையில் இறங்கிக் குழாய் வைத்துத் தண்ணீருக்கடியில் மீன் பார்க்கிற பயணம்.

“பார் தம்பி, மகன் என்னைக் கடலுக்க தாழ்க்கிறான்” என்று காட்டினார்.

“அப்ப போறியளோ?”

“மூச்சுவிடக் குழாய் தாறாங்களாம். அந்தளவுக்குப் பாசம் இருக்கு” என்றார். போகவில்லை.

போன மாதம் அவருடைய செத்தவீடு. மண்டப வாசலில் திரையில் ஏதோ நீளமான பெயர் ஓடியது. வேறு யாருடையதற்கோ மாறி வந்துவிட்டேன் என்று திரும்பப் பார்த்தேன். படத்தைக் கண்டுதான் உள்ளே போனேன். மகன் ஆங்கிலத்தில் பேசினான். அப்பாவுக்குக் கப்பல் பயணம் என்றால் உயிராம். கப்பலில் இருக்கும்போதுதான் அவர் மிகவும் சந்தோசமாக இருந்தாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் படுத்திருந்த பெட்டிக்குள் நல்ல மெத்தை போட்டிருந்தார்கள். ஆடிப் பார்க்க அவரால் முடியவில்லை.

பிள்ளைகள், குதிரையை மாற்றுங்கள். எதற்கு மாற்றுவதென்று என்னைக் கேட்கவேண்டாம். அம்மாவைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவ பதில் சொல்லும்வரை போனைப் பார்க்காமல் இருங்கள்.

அன்றைக்குச் செத்தவீடு முடிந்து வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. பேஸ்மென்டில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் சுடுதண்ணீர் பிடித்தேன். ஒரு பிடி உப்புப் போட்டேன். முதுகுள்ள கதிரையாகப் பார்த்து இழுத்துப் போட்டு, காலை உள்ளே வைத்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். காணாது. ஈரக் காலோடு மேலே போய் இன்னொரு பிடி எடுத்துவந்து போட்டேன்.