கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

பொய் சொன்னவர்கள் கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

ராஜபாளையத்தில் என் அண்ணன் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் என் பொறுப்பு. வேலை முடிந்ததும் (முடியாதபோதும்தான்) அதே கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவேன். அதிலிருந்த பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. எதிரி என்னைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் அவன் வந்த காட்சியே திரையில் தெரியும். அண்ணனிடம், "புதுக் கார்டு போட்டா கல்யாண வீடியோ சீக்கிரம் ரெடியாகும்ணே" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் வாங்கினேன்.

எப்போது வாங்குவது என்பதிலேயே இரண்டு வருடம் போனது. அடுத்த மாதம் புது மாடல் வருகிறது, பழையது விலை இறங்கும் என்று யூடியூபில் யாராவது சொல்வார்கள். காத்திருப்பேன். புதியது வரும், பழையது கடையிலேயே இருக்காது. கேபினட்டுக்குள் கார்டு நுழையுமா என்று மதினியின் தையல் டேப்பை வைத்து அளந்தேன். பவர் சப்ளை தாங்குமா என்று மதுரைக் கடைக்காரரிடம் நாலு தடவை கேட்டேன். கடைசியில் பழைய கார்டை எக்சேஞ்சில் கொடுத்துப் புதியதை வாங்கி வந்தேன். இவ்வளவு விவரமானவளுக்கு, கையில் வேலை பாக்கி இருக்கும்போது கார்டை மாற்றக் கூடாது என்பது மட்டும் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கல்யாணம் ஒன்றின் வீடியோ அந்தக் கம்ப்யூட்டரில் முக்கால்வாசி முடிந்திருந்தது. விஜயதசமி அன்று சாயங்காலம் பெண் சிங்கப்பூர் கிளம்புகிறாள். மகள் கையில் வீடியோவைக் கொடுத்துத்தான் அனுப்புவேன் என்று அவள் அப்பா தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

ஆயுத பூஜை அன்று, "புதுச் சாமானுக்குப் பொட்டு வச்சுட்டுத்தான் மாட்டணும்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். மதினி சந்தனக் கிண்ணத்தோடு கேமராவில் தொடங்கி ஸ்டேப்ளர் வரை பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்.

"ஏட்டி கோமதி, இந்தக் கார்டுல எங்க வைக்க?"

நான் கேபினட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். பொய் சொல்லி வாங்கிய பொருள் என்ற பயம் வேறு. "எல்லாப் பக்கமும் வையுங்க மதினி. ஒரு எடம் விடாதீங்க" என்றேன்.

மதினி கையிலிருந்து வாங்கி மாட்டினேன். பூஜை முடிந்தது. எங்கள் கடை வழக்கப்படி, பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. அண்ணன் பக்கத்துக் கடைகளுக்குப் பொரி கொடுக்கப் போனதும் நான் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. மறுபடி அமுக்கினேன். இருட்டு. பட்டனில் இருந்த குங்குமம் என் விரலுக்கு வந்திருந்தது. அணைத்துவிட்டு, திருடி மாதிரி புதுப் பொட்டு வைத்து மூடினேன்.

அன்றைக்குச் சுண்டல்கூட இறங்கவில்லை. நிஜமாகவே பயந்து போனேன். பூஜைச் சாமானைத் தொட்டது சாமி குத்தம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டிய காட்சி இனி எங்கேயுமே இல்லை என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

விஜயதசமி காலையில் அண்ணன் சூடம் காட்டிவிட்டுப் பட்டனை அமுக்கினான். இருட்டு. திரும்பி என்னைப் பார்த்து, "என்னட்டி?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

நான் அம்புட்டையும் கொட்டிவிட்டேன். கார்டு விளையாடத்தான் வாங்கினது. நேற்றே ரெண்டு தடவை அமுக்கினேன். அய்யனார் கோவிலுக்குப் போனதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையில் விளையாடிக்கொண்டுதான் இருந்தேன். செட்டியார்பட்டி வளைகாப்பு வீடியோ லேட்டானதற்குக் காரணம் கரண்ட் இல்லை, நான்.

அண்ணன் நிதானமாக, "வேற ஏதும் இருந்தா அதையும் சொல்லிரு" என்றான். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். அண்ணன் எடுக்கவில்லை.

சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் டேனியல் அண்ணாச்சி வந்தார். "எதுக்கு அழுவுதா இவ? வீடியோ ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு, அது எங்க போகும்?" என்றபடி கார்டை உருவினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"போர்டுல சொருகுற இந்தத் தங்கப் பல்லுல யாரு சந்தனத்தை அப்புனது? இது வழியாத்தான கரண்டே போகணும்."

"அவதான் ஒரு எடம் விடாம வைக்கச் சொன்னா" என்றார் மதினி. "அந்த எடம் நல்லா மின்னுச்சு. அதான் ரெண்டு கூட வச்சேன்."

தங்க நிறத்தில் சந்தனம். மாட்டியவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அண்ணாச்சி துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு அழிரப்பரை எடுத்துச் செத்த நேரம் தேய்த்தார். மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. நான் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்காமல் (அழுததில் அதுவும் மறந்திருந்தது) மிச்ச வேலையை முடித்தேன். பெண் காரில் ஏறுவதற்கு முன் அண்ணன் பைக்கில் போய் வீடியோவைக் கொடுத்துவிட்டான்.

காலையில் அண்ணாச்சி கிளம்பும்போதே அவரிடம் அண்ணன் ஒன்று கேட்டிருந்தான். "சந்தனத்தை அழிச்சாச்சு. இவ சொன்னதையெல்லாம் எதை வச்சு அழிக்க?" நான் இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அழிக்க எதுவுமே இருந்திருக்காது.

இப்போதும் எங்கள் ஆயுத பூஜைத் தட்டில் பூ, பழம், சூடத்தோடு ஒரு அழிரப்பரும் இருக்கும். மதினி அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போடும் முன்னால் அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, அமுக்கப் போறேன். சொல்ல வேண்டியது ஏதும் இருக்கா?" என்பான். இல்லை என்று தலையாட்டிவிட்டு, திரையில் வெளிச்சம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.