பன்றித் தடுப்பு அதிகாரியின் சுகமான பிஸ்டல்

பன்றியைச் சுடுகிறவருக்கு யாதொரு அசௌகரியமும் நேரலாகாது என்பதில் சர்க்கார் மிகக் கவனமாக இருந்த காலம் அது. 1958 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில், அத்தாயி ஒரு சரிவு முழுக்கக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தாள். மழைக்காலத்தில் அவளும் புருஷன் சென்றாயனும் அதைத் தின்றுதான் காலம் தள்ள வேண்டும். காட்டுப்பன்றிகளுக்கும் அதே உத்தேசம். ஊரார் நாட்டுத் துப்பாக்கிக்கு அனுமதி கேட்டார்கள். 'பொதுமக்கள் சுட்டால் பொதுமக்களுக்கு ஆபத்து' என்று பதில் வந்தது. பின்னாலேயே பன்றித் தடுப்புத் தனி அதிகாரி அருணாசலம் டோலியில் வந்து இறங்கினார்.

"ரைபிள் கொண்டாந்திருக்கீங்களாங்க?" என்றாள் அத்தாயி.

"ரைபிள் தோளை உதைக்கும் அம்மா. இது நவீன பிஸ்டல். ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டாவைத் தானே துப்பிவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். நமக்கு வேலையே இல்லை."

பிஸ்டல் இரண்டு கொண்டுவந்திருந்தார். சின்னது சுடும்போது கையில் துள்ளியது. பெரியது அவ்வளவு துள்ளவில்லை, ஆனால் கனத்தது. காப்பி குடித்துக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, பதவியின் கம்பீரத்தை முன்னிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அதன் பிடி பருமன். விரல் விசையை எட்டவில்லை. தச்சர் சின்னக்கண்ணு பலாக்கட்டையில், விரல்கள் பதியப் பள்ளம் வைத்து, மெல்லிய பிடி செய்து மாட்டினார். அதற்குள் மலைக்கோழிக் குழம்பில் அதிகாரியின் கை சதை போட்டுவிட்டது. மறுபடியும் பிடி.

சென்றாயன் அதை வாங்கிப் பிடித்துப் பார்த்தான். மறுவாரமே அவன் கொடுவாளுக்கும் விரல்பள்ளம் வைத்த பிடி வந்தது. பிறகு ஊரில் பள்ளமில்லாத பிடியைத் தொடுவதே மரியாதைக் குறைவாயிற்று. காவலுக்குப் போக வேண்டிய ஆண்கள் தச்சுப் பட்டறையில் அளவு கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க, பன்னி தெனமும் வந்துட்டுப் போகுதுங்க!"

"வரட்டும் அம்மா. விசை இன்னும் கடினமாக இருக்கிறதே."

சேலத்துக்கு அனுப்பி விசையை இளக்கினார்கள். முதல் தோட்டாவை ஏற்றப் பிஸ்டலின் மேலிரும்பைப் பின்னுக்கு இழுத்தால் விரல் நொந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கையும் இளக்கினார்கள். சத்தமும் உதையும்தான் பாக்கி.

"இரண்டுக்கும் காரணம் தோட்டாவிலுள்ள மருந்து," என்றார் அதிகாரி. "பாதி மருந்தை எடுத்தால் உதையும் பாதி."

"அப்ப பூராவும் எடுத்துட்டா உதையே இருக்காதுங்களே?" என்றாள் அத்தாயி எரிச்சலில்.

அதிகாரி அவளை வியந்து பார்த்தார். "அம்மா, நீங்கள் ஆபீசில் இருக்க வேண்டியவர்!"

மரியாதைக்கு ஒரு சிட்டிகை மட்டும் விட்டுவைத்தார்.

ஒரு சாயங்காலம் அத்தாயியின் சரிவில் பெரிய பன்றி ஒன்று கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தது. ஊரே திரண்டது. அதிகாரி சாய்வு நாற்காலியில் அமர்ந்து சுட்டார். ஆமணக்குக் காய் வெடித்தாற்போல் ஒரு சத்தம். குண்டு பன்றியின் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. பன்றி அதை முகர்ந்து பார்த்தது. கிழங்கு இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. அடுத்த தோட்டா தானாக ஏறவில்லை. அதை ஏற்றும் அளவுக்கு உதை இல்லை.

"கை எப்படிங்க இருக்குது?" என்று சென்றாயன் கவலையோடு கேட்டான்.

"பூ மாதிரி!"

ஆண்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். அத்தாயி மட்டும் மண்கட்டியை எடுத்து வீசினாள். பன்றி ஓடிற்று. அவள் கை ஓய்ந்ததும் குடும்பத்தோடு திரும்பி வந்தது.

மாதக் கடைசியில் மேலதிகாரி அர்த்தனாரி பரிசோதனைக்கு வந்தார். வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டார். முகம் மலர்ந்தது. இலாகா முழுவதற்கும் இதே மாதிரி பிஸ்டல் என்று உத்தரவிட்டுவிட்டு, ஊராரைக் கூட்டினார்.

"திட்டம் மகத்தான வெற்றி. இங்கே யாருக்காவது அசௌகரியம் உண்டா?"

ஆண்கள் தங்கள் கொடுவாள் பிடிகளைத் தடவிப் பார்த்தார்கள். அசௌகரியம் எதுவும் தட்டுப்படவில்லை. அத்தாயி எழுந்தாள்.

"பன்னிகளுக்குத்தானுங்க. கெழங்கு தீந்துபோச்சு."

அர்த்தனாரியின் முகம் கவலையால் வாடியது. பன்றிகளின் அசௌகரியத்தை விசாரித்துத் தக்க நடவடிக்கை எடுக்க, அனுபவசாலியான அருணாசலத்தையே அங்கேயே நியமித்தார். கூட்டம் கைதட்டியது. சென்றாயன் மட்டும் தட்டவில்லை. கொடுவாள் கையில் அவ்வளவு சுகமாகப் பொருந்தியிருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.