தண்ணீர்த்தொட்டிக்கு ஒரு கையேடு

மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியை இனிமேல் நான் கழுவுவதில்லை என்று சனிக்கிழமை காலையில் வீராவேசமாக முடிவெடுத்தேன். கல்யாணமானதிலிருந்து அது என் தலையில் விழுந்த வேலை. தூத்துக்குடி வெயிலில் அதற்குள் இறங்கினால் நான் இட்லி மாதிரி வெந்துவிடுவேன்.

மனைவி சந்தனச்செல்வியிடம் “முடியாது” என்று சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆனால் தொழில் இருக்கிறதே! துறைமுகத்துக் கிரேன்களுக்கு ஆங்கிலத்தில் பராமரிப்புக் கையேடு எழுதுகிறவன் நான். நான் எழுதினதைப் பார்த்துக் கிரேனையே பிரித்து மாட்டுகிறார்கள். தொட்டி கழுவ ஒரு கையேடு எழுதிக் கொடுத்தால் செல்வியே கழுவிவிட மாட்டாளா?

வழக்கம்போல ஆங்கிலத்திலேயே எழுத உட்கார்ந்தேன். 'தொட்டிக்குள் இறங்கவும்.' இதற்கு 'இன்' போடுவதா, 'இன்டு' போடுவதா? 'இன்' போட்டால் செல்வி ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். 'இன்டு' போட்டால்தான் இறங்குவாள். போட்டேன். அடுத்தது பிரஷ். 'பை பிரஷ்' என்றால் பஸ்ஸில் போகிற மாதிரி பிரஷ்ஷில் ஏறிப் போய்விடுவாள். ஆகவே 'வித் பிரஷ்'. சேற்றை எடுக்க 'ஆஃப்'பா, 'ஃப்ரம்'மா என்று யோசித்து, 'ஃப்ரம்' போடுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

“காலையில இருந்து என்ன எழுதுதீங்க?” செல்வி வந்து நின்றாள். கப்பல் ஏஜென்சியில் நாள் முழுக்க ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்.

“ஏளா செல்வி, இதை வாசிச்சா நீயே தொட்டி கழுவிரலாம். ஒரு சந்தேகம் வராது.”

சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையா இருக்குங்க. சோதிச்சாச்சா?”

“எதை?”

“எழுதினவரு செஞ்சு காட்டணும், இன்னொருத்தர் நின்னு வாசிக்கணும், அப்பத்தான் கையேட்டுல கையெழுத்து. உங்க ஆபீஸ் வழக்கம்னு பெருமையாச் சொல்லுவீங்களே!”

தொழில் தர்மத்தை மீற முடியுமா?

மறுநாள் தொட்டிக்குள் நான். வெளியே குடை, நாற்காலி, மோர்ச் செம்பு, செல்வி.

“வித் பிரஷ், அழுத்தித் தேய்க்கணும். அங்கன பாசி தெரியுதே?”

“தேய்ச்சிட்டேனே!”

“அப்ப கையேடுதான் தப்பா?”

“கையேடு சரிதான்!” ரோஷம் வந்து மறுபடி தேய்த்தேன்.

“சேத்துக்கு 'ஃப்ரம்' போட்டிருக்கீங்க. 'அவுட் ஆஃப்'னு போட்டா, தொட்டிக்கு வெளியவே கொண்டுபோயிரணும்னு தெளிவா இருக்கும்லா?”

அட, சரியாகத்தான் சொல்கிறாள்! எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கீழே தெருவரைக்கும் கொண்டுபோய்க் கொட்டினேன்.

“திருத்தியாச்சு. இனி முதல்ல இருந்து ஒருவாட்டி.”

பக்கத்து மாடி முத்துமணி அக்கா எட்டிப் பார்த்தாள். “ஏளா, தம்பி உள்ள என்ன செய்யுதான்?”

“சோதனை நடக்குக்கா.”

சாயங்காலம் வெளியே வந்தேன். தொட்டி பளபளத்தது. வெற்றிக் களிப்பில் கையெழுத்தும் போட்டேன். “கையேடு பக்கா! இனிமே தொட்டி உன் பாடு.”

“கிரேன்ல தேர்ச்சி பெறாத ஆளை ஏத்துவீங்களா?”

“எப்படி ஏத்துவோம்? சோதனையில செஞ்சு காட்டினவருதான் ஏறலாம். மத்தவங்க தொடவே கூடாது!” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

“அதான. தொட்டியில செஞ்சு காட்டினது நீங்க ஒருத்தர்தான். நான் தொடலாமா?”

பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது.

“ஏளா செல்வி, எங்க வீட்டுலயும் தேர்ச்சி பெற்ற ஆளு ஒருத்தரும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழமை தம்பியை அனுப்புதியா?”