விரிகுடாவின் முழுமனதான ஆதரவாளர்கள்

சட்டத்தை மீறுகிறவர்கள் ஒரு வகை. சட்டத்தை எதிர்க்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் நாட்டுக்குப் பெரிய ஆபத்து கிடையாது. முதல் வகையைப் பிடித்துவிடலாம், இரண்டாம் வகையோடு உட்கார்ந்து வாதாடலாம். இங்கே நாம் பார்க்கப்போவது மூன்றாம் வகை. இவர் சட்டத்தை நேசிக்கிறவர். சட்டம் வேண்டும் என்று மனு எழுதுவார், கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்குவார், மைக் கையில் வந்தால் தொண்டை தழுதழுக்கப் பேசுவார், கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற நேரம் பார்த்து அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு விஷயம்" என்பார். இவர்தான் முழுமனதான ஆதரவாளர். நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள்.

நமக்குக் கிடைத்திருப்பவர் ஒரு படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். இரண்டு தூண்டில் படகுகள், ஒரு ஸ்கூட்டர், சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்த ஒரு மனு. நெரிசலான கடைத்தெருவை ஒருவழிப் பாதையாக்க வேண்டும் என்று ஆறு மாதம் நடையாய் நடந்து, கடைசியில் பலகை மாட்ட வைத்தவர் இவர்தான். அந்தத் தெருவில் தினமும் எதிர்த்திசையில் வருகிற ஒரே ஸ்கூட்டர் யாருடையது என்று கேட்கிறீர்களா? சங்க அலுவலகம் தெருமுனையிலிருந்து நாலாவது கட்டடம். நாலு கட்டடத்துக்காக ஊரையே சுற்றி வரச் சொல்வது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னபோதும் அப்படித்தான். வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரையை நிறுத்தினார். மாலை நாலு மணி டீ மட்டும் கணக்கில் வராது, ஏனென்றால் அதை அவர் வெளியில் குடிக்கிறார். சாப்பாட்டு மேஜையில் யாரும் போனைத் தொடக் கூடாது என்று விதி போட்டவரும் அவர்தான். அந்த விதியை வாயில் சோற்றோடு, காதில் போனோடுதான் மகளுக்கு நினைவுபடுத்துவார். அது சங்கத்து போன், அதில் என்ன தப்பு?

இவரைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு விரிகுடா இருக்கிறது. அடியில் கடல்புல் மெத்தையாக வளர்ந்திருக்கும். அந்தப் பக்கத்து மீன்களில் பாதிக்கு மேல் அங்கே வந்துதான் முட்டையிடும். பத்து வருஷத்தில் அந்த இடத்தை ஆளாளுக்கு வழித்து எடுத்துவிட்டார்கள். முழங்கை நீள மீன் வந்த இடத்தில் விரல் நீள மீன் வர ஆரம்பித்தது. ஒருநாள் கரையில் கொட்டிய மீனைப் பார்த்துச் செயலாளர் அழுதே விட்டார். அந்த அழுகையில் ஒரு சொட்டுகூட நடிப்பில்லை. இப்படியே போனால் தன் படகை விறகுக்குத்தான் விற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் மனு மேல் மனு போட்டார். தேசியக் கடல்வளக் கொள்கை என்று அரசாங்கம் பதினெட்டுப் பக்கத்தில் ஒரு வரைவு கொண்டுவந்தபோது, அதில் ஏழாம் பக்கத்தில் அந்த விரிகுடா இருந்தது. ஐந்து வருஷத்துக்கு மீன், நண்டு, மட்டிச் சிப்பி, மணல், எதையும் யாரும் எடுக்கக் கூடாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் மீன்வளத் துறை அலுவலகத்தின் மாடியில் நடந்தது. தலைநகரிலிருந்து துணை இயக்குநர் அம்மாள் மடிக்கணினியோடு வந்திருந்தார். அவர் தட்டுவது முழுக்கப் பின்னால் இருந்த வெள்ளைத் திரையில் பெரிதாகத் தெரிந்தது. நாற்காலிகள் காலியாக இருந்தால் தலைநகரில் மரியாதை இருக்காது என்று செயலாளர் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து வந்திருந்தார். தன் சொந்த அக்காவையும். அக்காவுக்கு அந்த விரிகுடாதான் சோறு. கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் குனிந்து, விரலால் துழாவி மட்டி பொறுக்கி, ஒரு வாளி நிறைந்ததும் சந்தைக்குக் கொண்டுபோவார். வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு பெண்களை அந்த வாளியை வைத்துத்தான் வளர்த்தார்.

மைக் சுற்றி வந்தது. ஐஸ் தொழிற்சாலை முதலாளி முழுமனதாக ஆதரித்தார். கடலோர விடுதிக்காரர் முழுமனதாக ஆதரித்தார். துறைமுகப் பொறியாளர், பேராசிரியர், நம் செயலாளர், எல்லோரும் வரப்போகிற தலைமுறையைப் பற்றிப் பேசினார்கள். செயலாளர் பேசியபோது முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கடைசியாக மைக் அக்காவிடம் வந்தது.

"மட்டி எடுக்கிறேங்க. அந்த விரிகுடாவுலதான்" என்றார் அக்கா, மைக்கைக் கையால் மறைத்துக்கொண்டு.

துணை இயக்குநர் விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன கஷ்டம் வரும்?"

"கஷ்டம்தான். ஆனா எல்லாரும் அஞ்சு வருஷம் கைய வைக்காம இருந்தா தானா நெறஞ்சுடும்னு தம்பி சொன்னான். நானும் பார்த்திருக்கேன், சும்மா விட்டா அது வளரும். அதனால விட்டுடறேன்."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணுமில்ல."

துணை இயக்குநருக்குத் தட்டச்சு செய்ய எதுவும் இல்லை. அக்கா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் என்று கிளம்பிப் போனார். செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம், "எங்க அக்கா" என்றார். நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

கூட்டம் முடிந்தது. அப்புறம்தான் கூட்டம் ஆரம்பித்தது.

முதலில் ஐஸ் தொழிற்சாலை முதலாளி மேஜைக்கு வந்தார். ஒரே ஒரு விஷயம்: தொழிற்சாலைத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் போகிறது, குழாயைத் திருப்ப முடியாது. விடுதிக்காரரும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வந்தார். விருந்தாளிகள் பொழுதுபோக்குக்கு ஆளுக்கு ஒரு மீன் பிடிப்பார்கள். "போட்டோ எடுத்துட்டு விட்டுடுவாங்க மேடம். பெரும்பாலும்." பொறியாளருக்குக் கொஞ்சம் மணல் மட்டும். பேராசிரியருக்கு மாதம் நானூறு மீன், மீன் குறைகிறதா என்று கண்டுபிடிக்க. ஒருவர் குனிந்து காதில் பேசும்போது பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டிக்கொண்டார்கள். "பாருங்க இந்த அநியாயத்த, இதுக்கெல்லாமா விலக்கு?" என்று செயலாளரே வாய்விட்டுச் சொன்னார், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.

அவர் முறையும் வந்தது.

"என் படகு ஆழ்கடலுக்குப் போறது அந்த வழியாத்தான் மேடம். சுத்திப் போனா ரெண்டு மணி நேர டீசல். போக மட்டும் அனுமதி போதும்."

"போகலாம். எடுக்கத்தான் கூடாது."

"சரிதான். எடுக்கறதுக்கு என்ன இருக்கு அங்க? தூண்டிலுக்கு இரை மட்டும்தான். போற போக்குல ஒரு சின்ன வலை."

"இரைன்னா?"

"சின்ன மீன்தான் மேடம். குஞ்சு."

துணை இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். குஞ்சுகள் வளர்வதற்காகத்தானே விரிகுடாவை மூடுகிறோம் என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்குப் பிடிக்க வேண்டிய ரயில் இருந்தது, தவிர எதிரில் நிற்பவர் இந்தக் கொள்கைக்காக இரண்டு வருஷம் உழைத்தவர். அவருக்கே இல்லை என்றால் எப்படி? தட்டினார். திரையை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு விலக்குப் பட்டியல் சுவரில் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டே போனது.

கொள்கை அச்சாகி வந்தபோது பதினெட்டுப் பக்கம் அப்படியே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. பட்டியல் இருபத்து மூன்று பக்கம். செயலாளர் முதல் பிரதியைச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டினார். விரிகுடாவின் கரையில் சிவப்பு எழுத்தில் தடைப் பலகை நட்டார்கள். விலக்குகளை எழுத அதற்குக் கீழே இரண்டாவது பலகை அடித்து, அதுவும் போதாமல் மூன்றாவது அடித்தார்கள். ரோந்துப் படகு தினமும் போய் எல்லோரையும் நிறுத்தியது. எல்லோரிடமும் காகிதம் இருந்தது. அறிக்கையில் ரோந்துக்காரர் எழுதினார்: மீறல் எதுவும் இல்லை.

அக்கா விரிகுடாப் பக்கமே போகவில்லை. போனால் கை சும்மா இருக்காது என்று தன் மேலேயே அவருக்குப் பயம். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐஸ் தொழிற்சாலையில் மீன் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க ரப்பர் காலணியோடு ஈரத்தில் நிற்க வேண்டும், விரல் மரத்துப் போகும். ஐந்து வருஷம்தானே என்று பெண்களிடம் சொல்லியிருந்தார்.

நாலாவது மாதம் ஒரு காலையில் அவர் மேஜையில் ஒரு கூடை கொட்டப்பட்டது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், துடுப்பில் மஞ்சள் கோடு போட்டவை. அந்த மீன் கடல்புல்லை விட்டு வெளியே வராது. பத்தொன்பது வருஷம் அக்காவின் கால் விரல்களுக்கு நடுவே ஓடின மீன் அது. கூடைக்குப் பின்னால், இரையை உறைய வைக்க ரசீது வாங்கிக்கொண்டு தம்பி நின்றார்.

"இது நம்ம விரிகுடா மீனாச்சே."

"இரைக்கு மட்டும்தான் அக்கா. பட்டியல்ல இருக்கு, பதினேழாவது விலக்கு."

"பதினேழா? அப்ப மிச்சப் பதினாறு?"

செயலாளர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கோபம் வந்தது. விடுதிக்காரனைப் பார், பேராசிரியரைப் பார், மணலை என்னமாய் அள்ளுகிறான் பார். "எல்லாரும் இப்படிக் கேட்டா கடல் என்னக்கா ஆகும்? அதத்தான் நானும் கேக்கறேன்."

அக்கா குஞ்சுகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்ததைச் செயலாளர் அப்போதுதான் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"நீயும் அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா. ஒரு வாளி மட்டிதான, யாரு வேண்டாம்னு சொல்லப் போறா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நானே எழுதித் தரேன், கையெழுத்து மட்டும் போடு."

"நானும் கேட்டுட்டா," என்றார் அக்கா, "அப்புறம் விடறதுக்கு யாருடா இருக்கா?"

குரல் உயரவில்லை. அடுத்த கூடைக்காகக் கை நீட்டினார், அவ்வளவுதான். செயலாளர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு, உள்ளபடியே வெட்கமாக இருந்தது. வாசல் வரைக்கும் அக்காவைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்ததும் படகோட்டியைப் போனில் கூப்பிட்டு, இனிமேல் விரிகுடாவில் வலையை இறக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து. இந்த வாரத்து இரை இன்னும் பாதிதான் சேர்ந்திருந்தது.

சிரித்துக்கொண்டே படித்து முடித்துவிட்டீர்கள். இதை யாரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு முகம்கூட மனதில் வந்துவிட்டது, இல்லையா? மைத்துனரோ, மேலாளரோ, மாடி வீட்டுக்காரரோ. தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அவர் படிக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். பாதியில் நிமிர்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.