மலிவு விலையில் தெளிவு

மலிவான பொருள் எப்படியும் காலை வாரும் என்று நம்பியிருப்பவனுக்கு, அது நன்றாக உழைத்துவிடுவதைப் போன்ற துரோகம் வேறில்லை.

அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய், இருட்டிய பின் கோலார் தங்கவயலுக்குத் திரும்புகிறவன் நான். சுரங்கம் மூடிய ஊரின் பெயரைக் கேட்டதுமே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் பலர். ஆகவே, வேலூர்ப் பெண் வீட்டாரிடம் நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலேயே குடியிருப்பதாக அண்ணி சொல்லிவைத்தார். (சொன்னது அவர், பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது நான்.)

பெண்ணின் தந்தை காணொளியில் பேச விரும்பினார். என் பழைய கைபேசியோ அந்த வாரம்தான் உயிர்விட்டிருந்தது. அதன் படக்கருவியில் என் முகம் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முதுகுக்குப் பின் வெளிச்சம் இருந்தால் மற்றதெல்லாம் வெள்ளையாகிவிடும். அதே அருங்குணம் புதியதிலும் இருக்கும் என்று நம்பி, எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கினேன். "கேமரா நல்லா இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். கடைக்காரர் சொல்லை யார் நம்புவார்கள்?

ஞாயிறு காலை, சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தேன். தந்தையருகே அவளும் இருந்தாள்; சிரித்தாள். வேலை, சம்பளம் எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. திடீரென்று அவர் திரையை நெருங்கினார்.

"தம்பி, கொஞ்சம் நவுருங்க."

பணிவாக நகர்ந்தேன்.

"அது சயனைடு மேடுதானே? நான் மைசூர் மைன்ஸ்ல பொறந்தவன்ப்பா. அத்த எப்ப ஒயிட்ஃபீல்டுக்குத் தூக்கினு போனாங்க?"

பொன்னைப் பிரித்தபின் கொட்டிய, என் சன்னலுக்கு வெளியே நிற்கும் சாம்பல்நிறக் கழிவுமலை அது. பிறந்தது முதல் பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. திரையிலோ, மழை அரித்த ஒவ்வொரு வரியும் துலக்கமாகத் தெரிந்தது.

அவள்தான் கேட்டாள்: "எங்கப்பாவும் அந்த ஊருதான். சொல்லியிருந்தா இன்னாங்க?"

இணைப்பாவது அறுந்து தொலையாதா என்று வேண்டினேன். அறுந்தபாடில்லை. 'சிக்னல் சரியில்ல' என்று நான் முணுமுணுத்ததுகூட வேலூர்வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

அவளை மணந்தவர் தங்கவயல்காரர்தான்; என் ரயிலிலேயே வேலைக்குப் போய்வருகிறார். எனக்கு வேறு இடம் அமையவில்லை. கைபேசி மட்டும் ஆண்டுகள் கடந்தும் ஒரு கீறலின்றி உழைக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த போன் வாங்கலாம் என்று கேட்டால், அண்ணி என்னைக் காட்டிவிடுகிறார்:

"எங்க கொழுந்தனாரக் கேளுங்க. கம்மி வெலைல நல்லதா அவருக்கு அமைஞ்சது அது ஒண்ணுதான்."