நில், யோசி, செய்

சாரைப்பாம்பு அறைக்குள் வந்த நொடியில் பாதுகாப்பு அலுவலர் நாற்காலிமேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மூலையில் கிடந்த மரநாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டது மட்டும் மங்கலாக நினைவிருந்தது.

எதிர்ச் சுவரில் அவரே எழுதிய போஸ்டர்: 'எந்த உயிரினத்தைக் கண்டாலும் நில். யோசி. பிறகு செய்.'

நின்றுகொண்டுதான் இருந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் வருகிறார். கிடங்கு ஆட்களுக்கு இவர் நடத்தும் 'பதறாதே' பயிற்சியைப் பார்த்துவிட்டு, வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். கிடங்கு முழுக்க இதே பேச்சு. ஏற்கெனவே இரண்டு இடங்களில் இரவுக் காவலில் தூங்கி மாட்டி வெளியே வந்தவர் இவர். மூன்றாவது முறையாக மனைவியிடம் போய்ச் சொல்ல அவரிடம் முகம் மிச்சமில்லை.

பாம்பு தலையைத் தூக்கிச் சீறியது. கதவு திறந்தே கிடந்தது. போகவில்லை.

பயிற்சிக்காகக் கையில் வைத்திருந்த போஸ்டர் கட்டைத் தூக்கி அதன்மேல் வீசினார். கட்டு அவிழ்ந்து, இருபது 'நில், யோசி'யும் நாற்காலியைச் சுற்றிப் பரவின. இப்போது பாம்பின் தலை மட்டும் தெரிந்தது. உடம்பு எங்கே என்று தெரியவில்லை.

"யோவ், வாட்ச்மேன்!"

வாட்ச்மேன் ஓடி வந்தார். பார்த்தார். மேசைமேல் ஏறினார்.

"உன்னை எதுக்குய்யா கூப்பிட்டேன்?"

"துணைக்குத்தானே சார்? இதோ இருக்கேன்ல."

"கம்பு எங்க?"

"வெளியில இருக்கு. நீங்க போய் எடுத்துட்டு வாங்க, நான் இதைப் பாத்துக்கறேன்."

தரை அதிர்ந்தால் பாம்பு ஓடிவிடும் என்று அலுவலர் எங்கோ படித்திருந்தார். நாற்காலிமேல் நின்றபடியே தொம் தொம்மென்று மிதித்தார். மிதிக்க மிதிக்கப் பாம்பு இன்னும் உயரமாக எழுந்து சீறியது.

"சார், உங்களையே மொறைக்குது."

"ஆறு மாசமா இங்க எல்லாரும் அப்படித்தான்யா பாக்கறாங்க."

மணி பத்தடித்தது. கோப்பைப் படித்தபடியே உள்ளே வந்த மேடம் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி மேசைமேல் வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"என்ன இது?"

"செய்முறை வகுப்பு மேடம். நாம அமைதியா இருந்தா அது தானா போயிடும்."

"எவ்வளவு நேரமா அமைதியா இருக்கீங்க?"

"அரை மணி நேரமா."

"அது போகலையே!"

"அதுக்கு இன்னும் பயிற்சி பத்தல மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. கோப்பில் ஏதோ எழுதினார். ஒரே சொல்தான். 'நிரந்தரம்' என்று எழுத அவ்வளவு குறைந்த நேரம் போதாது என்பது அலுவலருக்குப் புரிந்தது.

அப்போதுதான் தரை துடைக்கிற அக்கா வாளியோடு வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்று பாம்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். துடைப்பக் கட்டையை நீட்டி, கீழே கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நேரமா இவரு நாற்காலிக் காலால அதோட வாலை மிதிச்சுக்கிட்டு நிக்கறாரு, அது இன்னும் யாரையும் கடிக்கல, இவரு வேலையை அதுக்கே குடுத்துடுங்கம்மா."