பச்சைக் காருக்குச் சனிக்கிழமை எண்ணெய்

ஒழுங்கானவர்கள் தவறு செய்வதில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். செய்வார்கள்; வாரம் தவறாமல் செய்வார்கள். நான் அந்த இனம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகப் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அப்பா குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் பொறியாளரும் புறப்பட்டார். இரண்டே இருக்கை கொண்ட தமது பழைய பச்சைப் பந்தயக் காரை எங்கள் முற்றத்தில் நிறுத்தி, நண்பர் ஒருவர் வந்து எடுத்துச் செல்லும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போது நான், சென்னைக்குப் போய் இலக்கியம் படிக்க அனுமதி கேட்டு வீட்டாரைக் களைப்படையச் செய்துகொண்டிருந்தேன். அப்பா ஒரு வழி கண்டார்.

"ஹாஸ்டல்ல தனியா இருக்கணும்னா பொறுப்பு வேணும். இந்த வண்டியப் பழுதில்லாம ஒப்படைச்சிக் காட்டு. அப்புறம் மெட்ராஸப் பத்திப் பேசலாம்."

பொறியாளர் காரின் முன்மூடியைத் திறந்து, நீண்ட கம்பி ஒன்றை உருவிக் காட்டி, சனிக்கிழமைதோறும் எண்ணெயைக் கவனிக்கும்படி சொன்னார். கம்பி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்நிய ஆடவரிடம் இரண்டாம் கேள்வி கேட்பது முறையன்று என்று எனக்கு நானே வகுத்திருந்த விதி தடுத்தது. தவிர, சனிக்கிழமை எண்ணெயில் விளங்காதது என்ன? எங்கள் வீட்டு ஆண்கள் அனைவரும் சனிக்கிழமைதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். அவர்கள் முறை முடிந்ததும், பொறியாளர் வைத்துவிட்டுப் போன தகர டப்பாவிலிருந்து ஓர் ஆழாக்கு அளந்து காருக்கும் ஊற்றினேன். நோட்டில் குறித்துக்கொண்டேன். கம்பியையும் உருவித் துடைத்துச் செருகினேன். (எப்போதும் அழுக்காகவே இருந்தது.)

சில மாதங்களில் காருக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம் தோன்றியது. அது தோசைக்கல் அளவுக்கு வளர்ந்தபோது, வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர் வருவதாகக் கடிதமும் வந்தது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். காருக்கு அடியில் அரிசி மாவால் வரிசைக்குப் பதினைந்து புள்ளி வைத்தேன். துளி விழும் புள்ளிக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, வண்டிக்கு எப்ப வளைகாப்பு? சொல்லவேயில்ல!"

"துளி எந்தப் புள்ளியில விழுதுன்னு பாக்கணும் அண்ணி."

"காலைல எறும்பு வந்து சொல்லும், போ."

காலையில் எறும்புகள் மட்டுமே இருந்தன, புள்ளிகள் இல்லை. பழைய பிரெஞ்சுச் செய்தித்தாள்களை விரித்தேன். கடற்காற்று அவற்றைப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் கொண்டுசேர்த்தது. மூன்றாம் நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே அடியில் படுத்தேன். முதல் துளி நெற்றியில், அடுத்தது காதில். அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லா மூட்டிலிருந்தும் ஒழுகியது. ஒழுகாத இடத்தைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. (இவ்வளவு வீணாகிறதே என்ற இரக்கத்தில், அளவை முன்பே ஒன்றரை ஆழாக்காக உயர்த்தியிருந்தேன்.)

நண்பர் வருவதற்கு முந்தின நாள் அப்பா அரியாங்குப்பத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். அவர் அடியில் குனியவேயில்லை. கம்பியை உருவினார், பார்த்தார், அப்பாவையும் பார்த்தார்.

"ஐயா, வண்டி ஒழுகலீங்க. வாந்தி எடுக்குது. யாரு இதுக்கு எண்ண ஊத்துறது?"

அன்று சனிக்கிழமை. நான் கையில் ஆழாக்குடன் நின்றுகொண்டிருந்தேன்.

மறுப்பதற்கு வழியில்லாததால் நோட்டையும் கொண்டுவந்து நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எழுத்து முத்து முத்தா இருக்குது," என்றார், துக்க வீட்டில் பேசும் குரலில். பிறகு கம்பியிலிருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார். "இதுக்கு நடுவுல இருந்தா ஊத்தவே வேணாம் பாப்பா. நின்ன வண்டி எண்ணயக் குடிக்காது."

அடியிலிருந்த திருகைக் கழற்றினார். வாளி நிறைந்தது. அரிசி களையும் பாத்திரம் நிறைந்தது. "அண்டாவ எடுத்தாரவா, இல்ல கெணத்துலயே விட்டுறலாமா?" என்றாள் அண்ணி.

அப்பா என்னைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கேட்டார்: "வண்டி பழுதாயிடுச்சா?"

"பழுதெல்லாம் இல்லீங்க. கொழுத்துப் போச்சு, அவ்ளோதான்."

அப்பா வாளியைப் பார்த்தார். தாம் சொன்ன சொல்லைத் தேடி, அதில் தப்பிக்க வழி ஏதும் இல்லையென்று கண்டவரைப்போல் பெருமூச்சு விட்டார்.

"பழுதில்லன்னு அவரே சொல்லிட்டாரு. மெட்ராஸுக்குப் போ. ஆனா அங்க எது புரியலன்னாலும் ரெண்டாந்தடவ கேளு. ஹாஸ்டல்ல இருக்கிறவங்களும் மனுசங்கதான்."

மறுநாள் கார் போயிற்று. வட்டம் மட்டும் எந்தச் சாம்பலுக்கும் அசையாமல் முற்றத்தில் இருக்கிறது. அண்ணி அதைச் சுற்றியே கோலம் போடுகிறாள்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணனின் நான்கு வயது மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். கார் போன பிறகு பிறந்தவள்; அது என்ன நிறமென்றுகூட அவளுக்குத் தெரியாது. இரு கைகளாலும் உச்சியை மூடிக்கொண்டாள்.

"அத்தே, மொதல்ல கம்பி வுட்டுப் பாரு!"